சிவப்பு ரப்பர் காம்பு: எங்கள் பட்டியில் ஒரு மார்கழி

இணையத்தில் 340 ரூபாய்க்கு மூன்று காம்புகள் வாங்கினேன். குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுக்கும் சிவப்பு ரப்பர் காம்பு. அடியில் மஞ்சள் பிளாஸ்டிக் மூடி, அதில் காற்று போக ஒரு துளை, துளைக்குள் மிளகளவு குண்டு. குளிர்பான பாட்டிலின் வாயில் திருகிக்கொள்ள வேண்டியதுதான். பாட்டில் நம்முடையது.

திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கம் எங்களுக்கு 12 ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல் மரம், மேச்சேரி இனச் செம்மறிகள் 41. ஆனி, ஆடியில் கடா சேர்ந்தவை ஐந்து மாதம் கழித்துக் கார்த்திகைக் கடைசியில் ஈனத் தொடங்கின. 22 நாளில் 33 ஆடுகள் ஈன்றன. ஒரே இரவில் ஐந்து ஈன்றதும் உண்டு. என் கணவர் கைப்பேசி வெளிச்சத்தில் தொப்புள்கொடிக்கு அயோடின் தடவுவார். நான் குட்டியின் மூக்கைத் துடைத்துத் தாயின் முகத்தருகே போடுவேன். குட்டிகளை அடைக்கும் கூடையான கொடாப்புக்குள் கிடப்பது யாருடைய குட்டி என்ற கணக்கு மாமியாருடையது. அவர் எழுதி வைப்பதில்லை, தப்பியதுமில்லை.

மேச்சேரி பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் போடும். அதனால் புட்டிப்பால் வேலை அடிக்கடி வராது. இந்த முறை மூன்று குட்டிகளுக்கு வந்தது. தலையீத்து ஆடு ஒன்று தன் குட்டியைக் கிட்டவே விடாமல் முட்டித் தள்ளியது. இன்னொன்றுக்கு மடி கல்லாகிவிட்டது. மூன்றாவது, மழை இரவில் வேலியோரம் பிறந்து விடியும்வரை நனைந்து கிடந்த குட்டி.

முன்பெல்லாம் கொட்டம் என்கிற மூங்கில் குழாயில் பாலை ஊற்றித் தலையைத் தூக்கிப் புகட்டுவோம். பாதி வெளியே போகும், சில சமயம் நுரையீரலுக்குள்ளும் போகும். அதைவிட முக்கியமான ஒன்றை எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர் சொன்னார். குட்டி சப்பிக் குடிக்கும்போது உணவுக்குழாயின் முடிவில் உள்ள மடிப்பு மூடிக்கொண்டு, பால் முதல் வயிற்றைத் தாண்டி நேரே நான்காவது வயிற்றுக்குப் போகிறதாம். ஊற்றிப் புகட்டினால் அது சரியாக மூடாமல், பால் முதல் வயிற்றில் தேங்கிப் புளிக்கும். காம்பு வாங்கியதே இதற்காகத்தான்.

வாங்கிய அன்றே ஒன்றைக் கெடுத்தேன். நுனி மூடியபடிதான் வருகிறது, நாம் வெட்டிக்கொள்ள வேண்டும். எவ்வளவு என்று உறையில் ஒரு வரி கிடையாது, ஒரு கத்தரிக்கோல் படம் மட்டும். நான் வெண்டைக்காய் நறுக்குவது போல நறுக்கிவிட்டேன். பால் கொட்டி, குட்டிக்கு மூக்கு வழியாக வந்து, இருமி இருமித் துவண்டுபோனது. மாமியார் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார். "குட்டி குடிக்கணும் அம்மிணி, நீ ஊத்தக் கூடாது." அடுத்த காம்பில் நுனியை மயிரளவு மட்டும் சீவினேன். பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்ட வேண்டும், ஒழுகக் கூடாது. இந்த ஒரு வரியை அச்சிட விற்பவருக்கு என்ன செலவு?

பாட்டிலிலும் ஒரு சிக்கல். இப்போது வரும் தண்ணீர் பாட்டில்களுக்குக் கழுத்து குட்டை. அவற்றில் மறை பிடிக்காமல் பக்கவாட்டில் பால் கசிகிறது. நீண்ட கழுத்துள்ள பழைய குளிர்பான பாட்டிலில் கச்சிதமாக உட்கார்ந்தது. அப்படிப்பட்ட பாட்டில் ஒன்று பரணில் மண்ணெண்ணெய் வாடையோடு கிடைத்தது. அதைக் கழுவியே அரை நாள் போயிற்று.

இனி நல்லதைச் சொல்கிறேன். அந்தக் குண்டு அருமையான வேலை செய்கிறது. பால் இறங்க இறங்கக் காற்று உள்ளே போவதால் பாட்டில் நசுங்குவதில்லை, குட்டி மூச்சு வாங்க நிறுத்த வேண்டியதில்லை. தலையீத்தின் குட்டி இரண்டாம் நாளே பாட்டிலைக் கண்டால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. முதல் நாள் வேறோர் ஆட்டில் கறந்த சீம்பால், பிறகு எங்கள் வெள்ளாட்டுப் பால். பசும்பாலில் செம்மறிப் பாலைவிடக் கொழுப்புக் குறைவு. முதலில் வேளைக்கு 50 மில்லி, ஒரு நாளுக்கு ஆறேழு முறை. பத்து நாளில் 150 மில்லி, நான்கு முறை. மடி கல்லான ஆட்டின் குட்டியும் இதே காம்பில்தான் தேறியது. தினமும் வெந்நீரில் கழுவி, காற்றுத் துளையை ஊசியால் குத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் பால் கட்டி அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது குட்டி பிழைக்கவில்லை. வாய்க்குள் விரல் விட்டபோது சில்லென்று இருந்தது. முதலில் அதைச் சூடேற்றியிருக்க வேண்டும். நான் அவசரப்பட்டுப் பாட்டிலை வைத்தேன், அதற்குச் சப்பும் தெம்பே இல்லை. விற்பனைப் பக்கத்தில் "சோர்ந்த குட்டியையும் காப்பாற்றும்" என்று எழுதியிருப்பது பொய். சப்பத் தெரிந்த குட்டிக்குத்தான் இந்தக் காம்பு. சப்பாத குட்டியை உடனே மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். மிச்சமிருக்கும் ஒரு காம்பை அடுத்த ஈற்றுக்கென்று மாமியார் தம் டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார், பாட்டிலோடு சேர்த்து.