ஏற்காடு கோயில்காட்டு நடை: 700 ரூபாய்க்கு ஒரு முழுநாள்

சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். நாள் முழுக்கக் குனிந்தே பார்க்கும் வேலை. மார்கழியில் ஒரு நாளாவது மலையேற வேண்டும் என்று வருடா வருடம் நினைப்பேன், இந்த வருடம்தான் முடிந்தது. ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதிக்காரர்கள் நடத்தும் ஒருநாள் காட்டு நடை. ஒருவருக்கு 700 ரூபாய், மதியச் சாப்பாடும் அதிலேயே.

அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறுவதற்குள் பேருந்தின் கண்ணாடி பனியில் மங்கிவிட்டது. எட்டரைக்கு நடக்க ஆரம்பித்தோம். கூட்டிப்போனவருக்கு ஐம்பது வயது இருக்கும், எல்லோரும் அண்ணே என்றே கூப்பிட்டோம். இந்த மலையின் மலையாளிப் பழங்குடிக்காரர். பெயரைக் கேட்டுக் கேரளம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடம் வழிவழியாக வரும் கதை.

முதல் ஒரு மணி நேரம் காபித் தோட்டம்தான். சில்வர் ஓக் நிழல், அதில் ஏறிய மிளகுக் கொடி, கீழே பழம் பறிக்கும் பெண்கள். அண்ணன் ஒரு சிவந்த பழத்தைக் கொடுத்து, "தோலோட சப்புங்க, கொட்டையைக் கடிக்காதீங்க" என்றார். லேசான தித்திப்பு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியை இங்கே கொண்டுவந்தார். அதற்கப்புறம் காடு கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டமானது. சாமிக்கென்று விட்ட காட்டில் மட்டும் யாரும் கத்தி வைக்கவில்லை.

அந்தக் கோயில்காட்டைப் பார்க்கத்தான் இந்தக் காசு. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார். தோட்டத்தில் சருகு மொறுமொறுவென்று உடைந்தது. இங்கே கால் வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கி, ஈரம் பாதத்தில் ஏறுகிறது. அண்ணன் ஒரு குச்சியால் சருகை மெதுவாக விலக்கினார். அடியில் வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை, அதற்கும் அடியில் கறுப்பு மண். பார்த்ததும் சருகைத் திரும்பவும் மூடிவிட்டார். அந்தச் செயல் எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஒரு பெரிய நாவல் மரத்தின் பட்டையில் பாசி. கிட்டப் போய்ப் பார்த்தால், முடியளவு மெல்லிய காம்புகள், ஒவ்வொன்றின் நுனியிலும் சின்ன மணி, மணியில் ஒரு துளி பனி. கொலுசுக் கம்பியில் முத்து வைத்துப் பொருத்துவது என் தொழில். இவ்வளவு சீராக என்னால் ஒரு வரிசைகூட வைக்க முடியாது. பத்து நிமிடம் அங்கேயே நின்றேன். அண்ணன் அவசரப்படுத்தவில்லை.

திரும்பும் வழியில் ஈரச் சாணம் கிடந்தது. காட்டுமாடு போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும் என்று சொல்லி, பேச்சை நிறுத்தச் சொல்லிவிட்டு வேறு தடத்தில் சுற்றிக் கூட்டிப்போனார். இப்படி ஒருவர் கூட இல்லாமல் இந்தப் பக்கம் போகாதீர்கள்.

சரி, குறைகள். எட்டுப் பேர் என்று சொல்லிவிட்டுப் பதினான்கு பேரைச் சேர்த்தது தவறு. ஒரு கூட்டம் காட்டுக்குள்ளேயே ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டது. அண்ணன் சொல்லித்தான் நிறுத்தினார்கள். அதைப் பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டியது நடத்துகிறவர்களின் பொறுப்பு. சாப்பாடு ஆறிப்போய் வந்தது. வழியில் கழிவறை இல்லை, பெண்களுக்கு அது பெரிய சிரமம்.

ஸ்வெட்டர், தொப்பி, ஈரத்தில் வழுக்காத செருப்பு, துடைத்துக்கொள்ள ஒரு துண்டு போதும். ஞாயிறு வேண்டாம். பட்டறையில் கூட வேலை செய்யும் இரண்டு பேருடன் தை மாதம் ஒரு புதன்கிழமைக்கு மறுபடி சொல்லி வைத்திருக்கிறேன், அதே அண்ணன்தான் வர வேண்டும் என்று கேட்டு.