காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளியின் 25 விழுக்காட்டுச் சேர்க்கை: குலுக்கல் நேர்மையானது, மற்றவை?

காரைக்குடிக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி வளாகம் அமைத்திருக்கும் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில், கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் எல்.கே.ஜி. சேர்க்கை எவ்வாறு நடக்கிறது என்பதைப் பற்றிய மதிப்பீடு இது. நான் உடன் சென்று சேர்த்த குழந்தை இப்போதும் அங்கேயே படித்து வருவதால் பள்ளியின் பெயரை எழுதவில்லை. பாடம் நடத்தும் தரம், திடல், ஆண்டுவிழா ஆகியவற்றைப் பற்றி எழுத வேறு பெற்றோர் இருக்கிறார்கள். ஒரு குழந்தையை உள்ளே எடுக்கும் முறையை மட்டுமே நான் இங்கே எடைபோடுகிறேன்.

எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு குடும்பத்துக்காக, 2024-25 கல்வியாண்டுச் சேர்க்கையின்போது விண்ணப்பம் முதல் வகுப்பறை வரை உடன் சென்றேன். தாய் பலகாரக் கடை ஒன்றில் முறுக்குச் சுற்றுகிறார். தந்தை கட்டட வேலைக்குப் போகிறார். இப்படிப்பட்ட குடும்பத்துக்கு இந்தச் சேர்க்கை முறை எவ்வளவு நியாயமாக நடந்துகொள்கிறது என்பதே என் அளவுகோல். யாருக்கு இடம் என்று முடிவுசெய்யும் குலுக்கல் நடந்த விதத்தில் எந்தக் குறையும் இல்லை. அதற்கு முன்னால் உள்ள படிகளும், சேர்ந்த பிறகு வரும் செலவுகளும்தான் அந்த நேர்மையைக் கெடுக்கின்றன.

சட்டம் சொல்வதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் இச்சட்டத்தின் 12(1)(இ) பிரிவின்படி, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் தம் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 விழுக்காட்டு இடங்களை வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர், நலிவடைந்த பிரிவினர் ஆகியோரின் குழந்தைகளுக்கு அளித்து, எட்டாம் வகுப்பு முடியும் வரை கட்டணமின்றிக் கற்பிக்க வேண்டும். கட்டணத்தை அரசு பள்ளிக்கு ஈடுசெய்கிறது. இதை எதிர்த்துத் தனியார் பள்ளிகள் தொடுத்த வழக்கில் 2012 ஏப்ரல் 12 அன்று உச்ச நீதிமன்றம் சட்டத்தை உறுதிசெய்தது. 2014 மே 6 அன்று பிரமதி வழக்கில் வந்த தீர்ப்பு, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று விலக்களித்தது. நான் சென்ற பள்ளி அந்த விலக்குக்குள் வராது. நாற்பது பிள்ளைகள் கொண்ட வகுப்பென்றால் பத்துப் பிள்ளைகள் இந்த வழியில் வந்தாக வேண்டும்.

இவ்வளவு தெளிவான உரிமை இருப்பது அந்தத் தாய்க்குத் தெரியாது. கடையில் உடன் வேலை செய்யும் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். ஒதுக்கீட்டு விவரங்களைப் பள்ளியின் வாயிலில் அனைவரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று கல்வித் துறை அறிவுறுத்தியிருக்கிறது. நாங்கள் சென்ற பள்ளியில் அந்தப் பதாகை, பேருந்துகள் நிறுத்தும் கொட்டகையின் உட்புறச் சுவரில் இருந்தது. வாயிலில் இருந்த பெரிய பலகையோ, கட்டணம் செலுத்திச் சேரும் பிள்ளைகளுக்கான சேர்க்கை நடைபெறுவதை ஆங்கிலத்தில் அறிவித்துக்கொண்டிருந்தது. கட்டணச் சேர்க்கை தை, மாசியிலேயே தொடங்கிவிடுகிறது. இலவச ஒதுக்கீட்டுக்கான இணையதளம் அந்த ஆண்டு ஏப்ரல் 22 முதல் மே 20 வரை திறந்திருந்தது. அலுவலகத்தில் கேட்டபோது, "அதெல்லாம் ஆன்லைன்ல பாத்துக்குங்கம்மா, நாங்க ஒண்ணும் செய்றதில்ல" என்ற ஒற்றை விடைதான் கிடைத்தது. சொன்னவர் கடுமையாகப் பேசவில்லை. ஆனால், வட்டார வள மையத்திலும் கல்வி அலுவலகங்களிலும் கட்டணமின்றி விண்ணப்பம் பதிவேற்றித் தருகிறார்கள் என்ற ஒரு வரியைச் சேர்த்துச் சொல்ல அவருக்கு அரை நிமிடம் போதும். அதைச் சொல்லாததால் எத்தனை பேர் தனியார் கணினி மையங்களுக்குப் பணம் கொடுக்கிறார்களோ என்ற கவலை எனக்கு உண்டு.

அடுத்த தடை தொலைவு. செட்டிநாட்டின் நில அமைப்பை அறிந்தவர்கள் இதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வசிக்கும் குழந்தைகளுக்கே இந்த ஒதுக்கீட்டில் முதலிடம். வீட்டுக்குப் பக்கத்தில் பள்ளி என்ற நோக்கத்தில் குறை காண முடியாது. சென்னை போன்ற நெருக்கமான நகரத்தில் அந்த வட்டத்துக்குள் எல்லா வகை மக்களும் இருப்பார்கள். இங்கே நிலைமை வேறு. கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் தொடங்கப்பட்ட பெரிய தனியார் பள்ளிகள் பலவும் நிலம் மலிவாகக் கிடைத்த ஊர்ப்புறங்களில், நெடுஞ்சாலை ஓரங்களில், கண்மாய்க்கும் பொட்டலுக்கும் நடுவே அமைந்திருக்கின்றன. அவற்றைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவை பெரும்பாலும் புதிதாக மனை பிரித்து விற்ற நகர்கள். அங்கே வீடு கட்டியிருப்பவர்கள் ஓரளவு வசதி உள்ளவர்கள். செஞ்சையிலும் கழனிவாசலிலும் நெருக்கமான தெருக்களில் வாழும் கூலிக் குடும்பங்களில் பலவும் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன. ஆத்தங்குடியில் பூக்கல் எனப்படும் தரைக்கல் பட்டறையில் வேலை செய்பவரின் பிள்ளையையோ, நேமத்தில் ஆடு மேய்ப்பவரின் பிள்ளையையோ பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அதே ஊர்களுக்குள் பள்ளியின் மஞ்சள் பேருந்துகள் காலையும் மாலையும் சென்று, கட்டணம் செலுத்துவோரின் பிள்ளைகளை ஏற்றி வருகின்றன. பணம் செலுத்தும் குழந்தைக்குப் பதினைந்து கிலோமீட்டரும் அண்மைதான். ஒதுக்கீட்டுக் குழந்தைக்கு மட்டும் ஒரு கிலோமீட்டர் என்பது, பள்ளி தன் மாணவர்களை எந்த எல்லைக்குள்ளிருந்து சேர்க்கிறது என்ற உண்மைக்கு மாறானது. பேருந்து ஓடும் தடம் முழுவதையும் அண்மைப் பகுதியாகக் கருதி விதியை மாற்றினால் ஒழிய, இந்தப் பகுதியில் இந்த ஒதுக்கீடு தேவைப்படுகிறவர்களைச் சென்றடையாது என்பது என் உறுதியான கருத்து.

நான் உடன் சென்ற குடும்பம் வட்டத்துக்குள் இருந்தது. ஆனால் அவர்கள் குடியிருப்பது, சென்னையில் வாழும் ஒருவரின் பூர்வீக வீட்டின் பின்கட்டில். வீட்டைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்துக்கொள்வதற்கு ஈடாகத் தங்கியிருக்கிறார்கள். வாடகை ஒப்பந்தம் கிடையாது, குடும்ப அட்டையோ சொந்த ஊர் முகவரியில் இருந்தது. செட்டிநாட்டு ஊர்கள் எங்கும் பூட்டிய பெரிய வீடுகளை இப்படிக் காத்துவரும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் யாருக்கும் முகவரிச் சான்று எளிதில் கிடைக்காது. வீட்டுக்கு உரியவர் தொலைபேசியிலேயே விவரம் கேட்டு உடனே கடிதம் எழுதி அனுப்பியதால், குடும்ப அட்டையில் முகவரி மாற்ற முடிந்தது. அந்த நல்ல மனம் இல்லாதிருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றிருக்கும். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் இரண்டையும் இ-சேவை மையம் வழியாகத் தலா 60 ரூபாய் செலுத்திப் பெற்றோம். செலவு பெரிதில்லை என்றாலும், ஒவ்வொரு முறையும் கடையிலும் வேலைத்தளத்திலும் அந்தத் தாய் தந்தையர் இழந்த கூலி அதைவிடப் பலமடங்கு. வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பரிவு முகவரிச் சான்றுக்கும் நீள வேண்டும்.

தமிழ்நாட்டு விதிகளில் உள்ள வகைப்பாட்டையும் இங்கே பேச வேண்டும். நலிவடைந்த பிரிவினர் என்றால் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குக் குறைவாக இருக்க வேண்டும். வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர் என்பதில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் மட்டுமன்றி, பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினரும் அடங்குவர். அவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள், துப்புரவுத் தொழிலாளர்களின் குழந்தைகள் போன்ற சிறப்புப் பிரிவினருக்குக் குலுக்கலின்றி முன்னுரிமை உண்டு. அது மிகச் சரியான ஏற்பாடு. மற்றவர்களோ ஒரே பெட்டியில் போடப்படுகிறார்கள். மாநில மக்களில் மிகப் பெரும்பாலோர் இந்த வகுப்புகளில் ஏதாவது ஒன்றில் வருவதால், சொந்த வீடும் மாதச் சம்பளமும் உள்ள பிற்படுத்தப்பட்ட குடும்பத்தின் சீட்டும், பட்டியல் சாதியைச் சேர்ந்த தினக்கூலியின் சீட்டும் ஒரே எடையோடு கிடக்கின்றன. சாதியால் மறுக்கப்பட்ட வாய்ப்பைச் சாதியின் அடிப்படையில்தான் திருப்பித் தர முடியும் என்பதை நான் முழுமையாக ஏற்கிறேன். பிற்படுத்தப்பட்டோரை நீக்க வேண்டும் என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அந்த 25 விழுக்காட்டுக்குள் தனிப் பங்கு வகுத்து, எஞ்சியதில் வருமானம் குறைந்தவர்களை முதலில் எடுத்தால், வகுப்பறையில் நாம் காண விரும்பும் கலப்பு உண்மையிலேயே நிகழும்.

குலுக்கல் மே மாத இறுதியில் பள்ளி அரங்கில் நடந்தது. இந்தப் பகுதியை மனநிறைவோடு எழுதுகிறேன். கல்வித் துறை அலுவலர் முன்னிலையில், தகுதி பெற்ற விண்ணப்பங்களின் பட்டியல் முதலில் உரக்க வாசிக்கப்பட்டது. சீட்டுகளைப் பெற்றோர் கண்ணெதிரே மடித்துப் போட்டார்கள். ஒரு சிறுமியை அழைத்து எடுக்கச் சொன்னார்கள். தேர்வான பெயர்களை உடனுக்குடன் பலகையில் எழுதினார்கள். காத்திருப்போர் பட்டியலும் அதே இடத்தில் எடுக்கப்பட்டது. அருகில் அமர்ந்திருந்த ஒரு தந்தை, தன் பிள்ளையின் பெயர் வராதபோதும் "எல்லாருக்கும் முன்னாடிதானேங்க எடுத்தாங்க, குறை சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அவர் ஏமாற்றத்தோடு சென்றாலும் அவமதிக்கப்பட்டுச் செல்லவில்லை. நல்ல முறை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

கட்டணச் சேர்க்கையில் இந்த நேர்மை இல்லை. மூன்றரை வயதுக் குழந்தையிடம் நிறங்களையும் ஆங்கில எழுத்துகளையும் கேட்கிறார்கள். விண்ணப்பப் படிவத்தில் பெற்றோர் இருவரின் பட்டம், பதவி, பணிபுரியும் நிறுவனம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. சட்டத்தின் 13-ஆம் பிரிவு, குலுக்கல் போன்ற பாரபட்சமற்ற முறையைத் தவிர வேறு எந்தத் தெரிவு முறையையும் தடை செய்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு. நன்கொடை வசூலித்தால் வசூலித்த தொகையைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். "சும்மா பேசிப் பார்க்கிறோம்" என்று பள்ளிகள் இதற்குப் பெயர் சூட்டுகின்றன. எந்தப் பேச்சுக்குப் பிறகு ஒரு குழந்தைக்கு இடம் கிடைத்து மற்றொன்றுக்குக் கிடைக்காமல் போகிறதோ, அந்தப் பேச்சு தேர்வுதான்.

சேர்ந்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன். கற்பிப்புக் கட்டணம் கேட்கவில்லை. ஆனால் புத்தகம், குறிப்பேடு, சீருடை, காலணி, கணினிப் பயிற்சி, விழா என்று ஒரு பட்டியலைத் தந்தார்கள்; அதன் மொத்தத் தொகை அந்தத் தாயின் ஒரு மாத ஊதியத்துக்கும் மேலே இருந்தது. தொடக்கக் கல்வியைத் தொடரவிடாமல் தடுக்கும் எந்தக் கட்டணத்தையோ செலவையோ குழந்தை செலுத்தத் தேவையில்லை என்பது 3(2) பிரிவின் சொல். தாளாளரைச் சந்தித்துப் பேசியபோது, கணினிப் பயிற்சியையும் விழாவையும் நீக்கினார். புத்தகத்துக்கும் சீருடைக்கும் தவணை தந்தார். அரசு ஈடுசெய்யும் தொகை ஆண்டுக்கணக்கில் தாமதமாகிறது, ஆசிரியர் ஊதியத்தை அதுவரை யார் கொடுப்பது என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2025-26 கல்வியாண்டில், நிதி தொடர்பாக மத்திய, மாநில அரசுகளுக்கிடையே எழுந்த பிணக்கு நீதிமன்றம் வரை சென்றதால், ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகும் இந்த ஒதுக்கீட்டுச் சேர்க்கை தொடங்காமல் அக்டோபர் வரை தள்ளிப்போனது. கட்டணம் செலுத்தி முன்பே சேர முடிந்தவர்களுக்கு அந்தத் தாமதம் பெரிதாகத் தெரிந்திருக்காது. செலுத்த முடியாதவர்களோ ஏற்கெனவே வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். அந்த ஓர் ஆண்டின் இழப்பை நான் மிகவும் வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

வகுப்பறையைப் பொறுத்தவரை இப்பள்ளியைப் பாராட்ட வேண்டும். ஒதுக்கீட்டுப் பிள்ளைகளைத் தனிப் பிரிவில் அடைக்காமல் எல்லாப் பிரிவுகளிலும் கலந்து அமர்த்தியிருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் எந்த அடையாளமும் இல்லை. வகுப்பாசிரியர் யார் எந்த வழியில் வந்தவர் என்றே அறியாதவர் போலத்தான் நடந்துகொள்கிறார். ஆனால் பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும் செய்திகள் யாவும் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கின்றன. அந்தத் தாய் ஒவ்வொரு நாளும் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவியிடம் காட்டித்தான் தெரிந்துகொள்கிறார். தமிழிலும் ஒரு வரி எழுத எந்தச் செலவும் ஆகாது.

கல்விக் கொடைக்குப் பெயர் பெற்ற மண் இது. அழகப்பச் செட்டியார் 1947-இல் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். இந்தப் பகுதியின் தனியார் பள்ளிகள் தம் விழா மேடைகளில் அவர் பெயரைத் தவறாமல் சொல்கின்றன. அதனால்தான், சட்டம் கேட்கும் கால் பங்கு இடத்தைத் தயக்கத்தோடு தருவதைக் காணும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை.

இப்பள்ளியின் சேர்க்கைச் சேவைக்கு ஐந்துக்கு மூன்று தருகிறேன்: குலுக்கலுக்கும் வகுப்பறைக்கும் முழு மதிப்பெண், தகவல் சொல்வதற்கும் கூடுதல் கட்டணங்களுக்கும் மிகக் குறைவு. வட்டத்துக்குள் வசிக்கும் குடும்பங்கள் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். குடும்ப அட்டையின் முகவரியையும் வருமானச் சான்றிதழையும் பொங்கல் முடிந்தவுடனே சரிசெய்துகொள்ளுங்கள்; கட்டணப் பட்டியல் தந்தால் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். எட்டாம் வகுப்போடு இலவசம் முடிந்துவிடும் என்பதையும் இப்போதே கணக்கில் வையுங்கள். ஒன்பதாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தால், மருத்துவப் படிப்புச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு இந்தப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் வகையில்தான் 2020-ஆம் ஆண்டுச் சட்டம் அமைந்திருக்கிறது. இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்ததற்கான ஆணையை அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.