நார்வே 1905: நீண்ட வழியா, குறுக்கு வழியா?

ஸ்வீடனுடன் ஒரே மன்னரின் கீழ் இருந்த நார்வேக்கு அப்போது தேவைப்பட்டது, வெளிநாடுகளில் கப்பல், வணிக நலன்களைக் கவனிக்கும் தனித் துணைத் தூதரகச் சேவை. அதை அடைய இரண்டு வழிகள் பேசப்பட்டன.

முதலாவது நீண்ட வழி. இதற்காக நாடாளுமன்றம் நிறைவேற்றும் சட்டத்தை மன்னர் மறுத்தால், அடுத்தடுத்த தேர்தல்களில் வரும் நாடாளுமன்றங்கள் அதையே மாற்றாமல் மூன்று முறை நிறைவேற்றும். அப்புறம் அவர் ஒப்புதல் தேவையில்லை. இதை விரும்பிய அப்போதைய பிரதமர் ஹாகெரூப் அவசரப்படாதவர், பேச்சுவார்த்தையை நம்பியவர். ஆனால் இந்த வழிக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, கிறிஸ்டியன் மிக்கெல்சன் எடுத்த குறுக்கு வழி. பெர்கன் நகரக் கப்பல் முதலாளியான அவர், 1905 மார்ச்சில் பிரதமராகி வலதுசாரிகளையும் தாராளவாதிகளையும் ஒரே அமைச்சரவையில் அமர்த்தினார். இந்தக் கூட்டணிதான் அந்த வழியின் உயிர். நாடாளுமன்றம் நிறைவேற்றிய அந்தச் சட்டத்தை மே 27 அன்று மன்னர் இரண்டாம் ஆஸ்கர் மறுத்தபோது, அந்த மறுப்பில் எந்த அமைச்சரும் உடன் கையெழுத்திடவில்லை. எல்லோரும் பதவி விலகினார்கள். வேறு அரசு அமைக்க ஆள் கிடைக்காது என்று மன்னரே ஒப்புக்கொண்டார். அரசு அமைக்க முடியாதவர் மன்னராகச் செயல்படவில்லை, ஆகவே ஒன்றியமும் முடிந்தது என்று ஜூன் 7 அன்று நாடாளுமன்றம் ஒருமனதாக அறிவித்தது. எவ்வளவு துணிச்சலான வாதம்!

போர் அபாயம் இருந்தது உண்மைதான். ஆனாலும் என் ஓட்டு மிக்கெல்சனுக்கே. ஆகஸ்ட் வாக்கெடுப்பில் பிரிவினைக்கு 3,68,208 பேர் ஆதரவு, எதிர்ப்பு வெறும் 184. பெண்களுக்கு அதில் வாக்குரிமை இல்லை. அவர்கள் பிரிவினைக்கு ஆதரவாக இரண்டு லட்சத்துக்கும் மேல் கையெழுத்து திரட்டித் தந்தார்கள்.