விமானிகள் சங்கம் என்று சொல்லி என் 43,000 ரூபாயை வாங்கிக்கொண்டார்கள்

கல்லடியிலிருந்து எழுதுகிறேன். வணிக விமானி அனுமதிப்பத்திரம் கையில் இருக்கிறது, வேலைதான் இல்லை. இரத்மலானையில் பயிற்சி பெற்ற காலத்தில் அடகுக்குப் போன அம்மாவின் காப்பும் சங்கிலியும் இன்னும் வீடு திரும்பவில்லை. இப்படி இருப்பவனிடம் "உங்களுக்காகக் குரல் கொடுக்க ஒரு சங்கம் இருக்கிறது" என்றால் கேட்காமல் இருப்பானா?

கடந்த ஆண்டு மட்டக்களப்பு நகரில் ஒரு விடுதி மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். 14 பேர் போயிருந்தோம். அவர்களில் இருவர் ட்ரோன் வைத்துக் கல்யாண வீடுகளில் படம் பிடிப்பவர்கள். அமைப்பாளர் அழகாகப் பேசினார். அமெரிக்காவில் சொந்த விமானம் வைத்திருப்போரும் விமானிகளும் 1939 இலேயே சங்கம் அமைத்ததைச் சொன்னார். விமான நிறுவன விமானிகளின் உலகக் கூட்டமைப்பான இஃபால்பா 1948 இல் உருவானதையும் சொன்னார். இரண்டும் உண்மை. "அந்தக் குடும்பத்தில் நீங்களும் ஒருவர்" என்று அடுத்து சொன்னாரே, அதுதான் பொய். இஃபால்பாவில் நாடுகளின் விமானிகள் சங்கங்கள்தான் உறுப்பினராகலாம், தனி விமானி நேரடியாகச் சேர முடியாது என்பதை நான் பிறகுதான் படித்தேன்.

என் மச்சான் கூட்டுறவுச் சங்கமொன்றில் 20 ஆண்டு கணக்கெழுதியவர். அன்றிரவே கேட்டார்: "தம்பி, சங்கத்தின் விதிகளை எழுதிய யாப்பு எங்கே? பொருளாளர் யார்? பணம் யாருடைய கணக்குக்குப் போகிறது?" விமானத்தைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று எனக்கு எரிச்சல் வந்தது. மறுநாள் காலையில் சேர்வுக் கட்டணமாக 25,000 ரூபாய் கட்டினேன். வங்கிச் சீட்டில் இருந்தது சங்கத்தின் பெயரல்ல, ஒரு தனி ஆளின் பெயர். அதைப் பார்த்தும் கட்டினேன் என்பதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது. பிறகு ஆறு மாதம், மாதம் 3,000.

என் முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. 12 மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அது இல்லாமல் அனுமதிப்பத்திரம் அலமாரியில் கிடக்கும் வெறும் காகிதம். இ.சி.ஜி.யில் சிறு சந்தேகம் என்று மேலதிகப் பரிசோதனை கேட்டார்கள். "மருத்துவச் சிக்கலோ சட்டச் சிக்கலோ வந்தால் நாங்கள் இருக்கிறோம்" என்று மண்டபத்தில் கேட்டது நினைவுக்கு வர, அழைத்தேன். "அது தங்கத் தர அங்கத்தவர்களுக்கு மட்டும். இன்னும் 60,000 கட்டுங்கள்" என்று பதில் வந்தது.

சட்ட உதவிக்குத் தனிக் கட்டணம் வாங்குவதே மோசடி என்று நான் சொல்லவில்லை. அந்த அமெரிக்கச் சங்கத்திலும் விமானிகளுக்கான சட்டப் பாதுகாப்பு தனியாகப் பணம் கட்டிச் சேரும் திட்டம்தான். ஆனால் அதைச் சேரும்போதே சொல்லிவிடுகிறார்கள். எனக்கு நெஞ்சுத் துடிப்பில் சந்தேகம் வந்த பிறகுதான் சொன்னார்கள்.

கணக்கறிக்கை கேட்டேன். அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். பதிவுச் சான்றிதழ் என்று அவர்கள் காட்டிய தாளை மச்சான் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அது வியாபாரப் பெயர்ப் பதிவு. பலசரக்குக் கடை திறப்பவர் எடுப்பது. தொழிற்சங்கம் என்றால் 1935 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின்படி தொழிற்சங்கப் பதிவாளரிடம் பதிந்திருக்க வேண்டும். அதற்கு ஏழு பேர் கையெழுத்திட்டாலே விண்ணப்பிக்கலாம், ஆகவே பதிவு இருப்பது பெரிய பெருமையல்ல. ஆனால் பதிந்த சங்கத்தின் விதிகளில், கணக்குப் புத்தகத்தை அங்கத்தவர் பார்க்க வழி இருந்தாக வேண்டும். எனக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு கதவுதான்.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அமைப்பாளரின் தொலைபேசி இப்போது வேலை செய்வதில்லை. இதயப் பரிசோதனையை என் செலவிலேயே செய்தேன். குறை எதுவும் இல்லை, சான்றிதழும் வந்துவிட்டது.

இப்போது கொழும்பில் வேறொரு சங்கத்தில் சேரச் சொல்லி நண்பன் கேட்கிறான். வேண்டாம் என்று சொல்லவில்லை. சம்பளம், பணிநேரம் பற்றி நிறுவனத்தோடு தனியாளாகப் பேசி வென்றவரை நான் கண்டதில்லை. யாப்பையும் கடைசிக் கணக்காய்வு அறிக்கையையும் அனுப்பச் சொன்னேன். யாப்பு வந்தது, மச்சான் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார். அறிக்கை வரும்வரை பணம் கட்டப்போவதில்லை.

அன்று அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், வங்கிச் சீட்டை எறிந்துவிடாதீர்கள். முறைப்பாட்டில் இதுவரை என் சீட்டுகள் மட்டுமே இருக்கின்றன.