23,500 ரூபாய் போச்சு: ஆன்லைனில் மில்லிங் பர் வாங்குகிற லேப்காரர்கள் கவனத்துக்கு

ராமநாதபுரத்தில் சின்னதாக ஒரு டென்டல் லேப் நடத்துகிறேன். கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்து டாக்டர்களுக்கு ஜிர்கோனியா கிரவுன் (பல்லுக்கு மேல் மாட்டும் பீங்கான் உறை) மெஷினில் கடைந்து கொடுப்பதுதான் பிழைப்பு. வாட்ஸ்அப்பில் கேட்டலாக் அனுப்பி வியாபாரம் செய்யும் ஒரு டென்டல் சப்ளை ஆள், வைரக் கோட்டிங் பர் (மெஷினில் மாட்டிக் கடையும் சின்ன வெட்டுக் கருவி) என்று சொல்லி என்னிடம் 23,500 ரூபாயைப் பிடுங்கிவிட்டார். வயிறு எரிகிறது.

ஜிர்கோனியா டிஸ்க் உலைக்குப் போகும் முன் சாக்பீஸ் மாதிரி இருக்கும். அந்த நிலையில்தான் கடைவோம். அப்புறம் 1,500 டிகிரி அளவில் சுட்டால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கி இறுகும். கடைவது லேசு என்றாலும் அந்தப் பொடி பர்ரின் முனையை அரித்துக்கொண்டே இருக்கும். வெறும் கார்பைடு பர் சீக்கிரம் மழுங்கும். வைரக் கோட்டிங் போட்டது பல மடங்கு தாங்கும், விலையும் அதற்கேற்ற மாதிரிதான்.

நம்ப வைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். மெஷின் மாடலைச் சொன்னதுமே ஷாங்க் (பர்ரில் மெஷின் பிடிக்கும் தண்டு) எத்தனை மில்லிமீட்டர் என்று அவரே சொன்னார். வீடியோ காலில் ஒரு பர்ரை மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் காட்டினார். கருஞ்சாம்பல் கோட்டிங், விளிம்பு வரை ஒரே சீராக இருந்தது. "அண்ணே, நானும் லேப்ல வேலை பார்த்தவன்தான். சீக்கிரம் மழுங்குச்சுன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, மாத்தித் தர்றேன்" என்றார். தொழில் தெரிந்தவர் பேசுகிற பேச்சு அது. முழுப் பணத்தையும் ஜிபேயில் போட்டேன்.

முதல் சில கிரவுன்கள் சரியாகத்தான் வந்தன. அப்புறம் மார்ஜின், அதாவது கிரவுன் பல்லோடு சேரும் மெல்லிய ஓரம், உதிரத் தொடங்கியது. பர்ரைக் கழற்றி லூப்பில் (பூதக்கண்ணாடியில்) பார்த்தால், 2 மி.மீ. பர்ரின் வெட்டு விளிம்பில் கறுப்பு உரிந்து வெள்ளையாக உலோகம் தெரிகிறது, மூலை மழுங்கி உருண்டு கிடக்கிறது. மெஷின் திரையிலோ அதே பர்ருக்கு ஆயுள் பாதிக்கு மேல் மிச்சம்! ஓடின நேரத்தை மட்டும்தான் அது கூட்டும், முனையைப் பார்க்காது. மழுங்கின பர் வெட்டாது, தள்ளும். சுடாத கிரவுனின் மெல்லிய ஓரம் அதைத் தாங்காது. முனை தேயத் தேய விட்டமும் குறையும். உள்பக்கம் எடுக்க வேண்டியது எடுபடாமல் நிற்கும், கிரவுன் பல்லில் முழுதாக இறங்காது.

கீழக்கரை டாக்டர் ஒருவர் உள்பக்கத்தை அரைத்து அரைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். அவருடைய பேஷன்ட் துபாய்க்குத் திரும்ப வேண்டியவர், டெம்பரரி கிரவுனோடு விமானம் ஏறிவிட்டார். இவ்வளவு நாள் என் வேலையை நம்பிய டாக்டரிடம் நான் என்ன சொல்ல?

அந்த ஆளுக்குப் போட்டோ அனுப்பினேன். முதலில் "உங்க ஸ்பிண்டில்ல ஆட்டம் இருக்கும்ணே" என்றார், அதாவது பர்ரைச் சுழற்றும் பாகத்தில் குறை என்று. சர்வீஸ் பார்த்த ரிப்போர்ட்டைக் காட்டினேன். அடுத்து டிஸ்க் சரியில்லை என்றார். அப்புறம் சொன்னதுதான் தாங்க முடியவில்லை: "உங்க ஊர் கடல் காத்துல உப்பு ஜாஸ்தி, கோட்டிங்கை அரிச்சிருக்கும்." வைரத்தை உப்புக் காற்று அரிக்குமா? இதற்கு முன்பு வேறு இடத்தில் வாங்கின பர்கள் இதே ஏசி ரூமில், இதே மெஷினில், இதே டிஸ்க்கில் நன்றாக ஓடினவைதான். கடைசியாக "ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்" என்றார். அதற்குப் பிறகு நீல டிக் மட்டும் விழுந்தது. இப்போது அதுவும் இல்லை, பிளாக் செய்துவிட்டார். 23,500 ரூபாய், இதில் வீணாய்ப்போன டிஸ்க் கணக்கு சேரவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.

வாங்குகிறவர்கள் தயவுசெய்து மொத்தமாக வாங்காதீர்கள், ஒன்று வாங்கி ஓட்டிப் பாருங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் போடாதீர்கள். புது பர்ரை மெஷினில் மாட்டும் முன் லூப்பில் போட்டோ எடுத்து வையுங்கள், பிறகு கேள்வி கேட்க அது வேண்டும். திரையில் காட்டும் ஆயுளை நம்பாமல் மார்ஜினைப் பாருங்கள். பரமக்குடி, தூத்துக்குடி பக்கம் லேப் வைத்திருப்பவர்களுக்கும் இதை அனுப்புங்கள், அந்த ஆள் அடுத்து அங்கேதான் போன் போடுவார்.