மியாட்டாவின் துணிக்கூரை ஒழுகல்: எது பலித்தது, எது பலிக்கவில்லை

மியாட்டா என்றும் சொல்லப்படும் மாஸ்டா எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை. 1989இல் அறிமுகமாகி 1997 வரை தயாரிக்கப்பட்ட, முன்விளக்குகள் எழும்பி நிற்கும் அந்தச் சின்ன வண்டி. பல மழைக்காலங்கள் ஓட்டிவிட்டேன். கூரைத் துணியையே மாற்றச் சொல்கிறார்கள் என்றால், அதற்குச் செலவழிக்கும் முன் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் வடிகாலை ஒருமுறை பாருங்கள்.

இந்தக் கூரை தண்ணீரை முழுசாகத் தடுக்கும்படி செய்யப்பட்டதல்ல. பின்கண்ணாடிக்குக் கீழே, உள்பக்கமாக ஒரு பிளாஸ்டிக் வாய்க்கால் ஓடுகிறது. பின்பக்கம் வழியும் மழைநீர் அதில் இறங்கி, இரு பக்கமும் சீட் பெல்ட் தூண்களுக்குப் பின்னால் உள்ள ஓட்டைகளுக்குப் போய், குழாய் வழியாகப் பின்சக்கரங்களுக்கு முன்னால் தரையில் விழ வேண்டும். இலைத்தூளும் மண்ணும் அந்த ஓட்டையை அடைத்தால் தண்ணீர் ததும்பி சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டில் இறங்கிவிடும். பார்ப்பவர்கள் துணிதான் ஒழுகுகிறது என்பார்கள். அந்த ஈரம்தான் பின்சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே ஓடும் தகர விளிம்பை உள்ளிருந்து துருவாகத் தின்கிறது. இந்த வண்டிக்குப் பேர்போன வியாதி அது.

சோதிப்பது எளிது. கூரையைப் பாதி திறந்து, டார்ச் அடித்து ஓட்டையைக் கண்டுபிடித்து, ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். உடனே வண்டிக்கு அடியில் கொட்ட வேண்டும். தேங்கி நின்றால் புல்வெட்டும் எந்திரத்தின் நைலான் கயிற்றை விட்டுச் சுழற்றுங்கள். கம்பி வேண்டாம், குழாய் கிழியும். கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம், குழாய் கழன்றால் உள்ளே போய் மாட்டுவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். இலையுதிர் காலத்துக்குப் பிறகு ஒரு தடவை இதைச் செய்கிறேன். பின்பக்க ஒழுகல் அதோடு நின்றது.

முழங்காலில் சொட்டினால் அது வேறு கதை, ரப்பர் பீடிங், அதாவது கண்ணாடி ஓரத்தில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் பட்டை, அதன் பிரச்சினை. ஒரு காகிதத் துண்டைக் கண்ணாடிக்கும் பீடிங்குக்கும் நடுவே வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் அங்கே அழுத்தம் இல்லை. முன்பக்கம் என்றால் கூரைக் கொக்கிகளின் நீளத்தை இரண்டு பக்கமும் ஒரே அளவாகக் கொஞ்சம் குறைக்கலாம். பீடிங் தட்டையாகிப் போயிருந்தால் அதன் பின்னால் மெல்லிய நுரை நாடா கொடுத்து எழுப்பலாம். எனக்கு அது எதிர்பார்த்ததைவிட அதிக நாள் தாங்கியது. ஆனாலும் கடைசியில் புது பீடிங் போடத்தான் வேண்டியிருந்தது.

சிலிகான் கிரீஸ் வாங்கினால் காசு வீணாகாது. பொட்டுப் பூசினாலே ரப்பர் மிருதுவாகிக் கண்ணாடியோடு ஒட்டிப் படிகிறது. வாசலின் தடவாதீர்கள், பெட்ரோலியப் பொருள் பட்டால் அந்த ரப்பர் ஊதிப்போகும்.

வாட்டர்ப்ரூஃப் ஸ்ப்ரே? வினைல் கூரைக்கு வீண்செலவு, அது தண்ணீரை உறிஞ்சுவதே இல்லை. துணி வகைக் கூரைக்கு மட்டும் பிரயோஜனம். அதிலும் தண்ணீரைத் தடுப்பது நடுவில் இருக்கும் ரப்பர் அடுக்குதான், ஸ்ப்ரே மேல்துணி ஊறாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. தையல் ஓட்டைகளுக்குக் கூடாரங்களுக்குப் பூசும் தையல் பசை நன்றாகப் பிடித்தது. வினிகர் வாடை அடிக்கும் குளியலறை சிலிகானை மட்டும் கிட்டே சேர்க்காதீர்கள். அந்த அமிலம் தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும், காய்ந்தபின் மேலே வேறு எந்தப் பசையும் ஒட்டாது.

ஒழுகலை நிறுத்திய பிறகும் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், அடியில் உள்ள நுரை பிழிந்தால் சொட்டும். வெளியே எடுத்துக் காயவைக்காமல் அது காயாது.

எனக்கு இன்னும் தீராதது ஒன்று: நெடுஞ்சாலை வேகத்தில் காற்று கதவுக் கண்ணாடியை வெளியே இழுக்கிறது, மேல்மூலையில் நாலு சொட்டு உள்ளே வருகிறது. கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றிக் கண்ணாடியின் சாய்வைச் சரிசெய்ய வேண்டும். மழை விட்டபிறகுதான் அதில் கை வைக்கப் போகிறேன்.