திமிங்கிலம் பார்க்க மலையிலிருந்து எந்தப் பக்கம் இறங்கலாம்: மிரிஸ்ஸவா, திருகோணமலையா, கற்பிட்டியா?

ஹட்டன், நுவரெலியா பக்கம் தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்டால் ஓகஸ்ட் வந்தாலும் குடையை மடக்க முடியாது. பிள்ளைகளின் விடுமுறையும் அப்போதுதான் வரும். அந்த நேரம் பார்த்து தென்கரை மிரிஸ்ஸவுக்கு வேன் பேசுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். மலையை நனைக்கும் அதே காற்றுதான் தென்கடலையும் புரட்டிப்போடுகிறது. மிரிஸ்ஸவின் பருவம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மே முதல் ஓகஸ்ட் வரை அடங்கிக் கிடப்பது திருகோணமலை இருக்கும் கிழக்குக் கடல். ஆகவே பாதி முடிவை மாதமே எடுத்துவிடும். மீதி, எதைப் பார்க்க ஆசை என்பதில் இருக்கிறது.

நீலத் திமிங்கிலம் மட்டுமே போதும் என்றால் மிரிஸ்ஸதான். அங்கே கரையிலிருந்து அதிக தூரம் போகாமலே கடல் ஆழமாகிவிடும். மற்றக் கடல்களில் நீலத் திமிங்கிலங்கள் பெரும்பாலும் குளிர்நீரில் மேய்ந்துவிட்டு, குட்டி ஈன வெப்பக்கடலுக்கு வரும். நம்முடையவை வட இந்து சமுத்திரத்தை விட்டுப் போவதில்லை. இரையும் ஈற்றும் இங்கேயே. இதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் நம் நாட்டுக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வொஸ். அன்டார்டிக்காவில் உள்ளவற்றைவிட இவை சிறியவைதான், அப்படியும் 20 மீற்றரைத் தாண்டும்.

மிரிஸ்ஸவில் எனக்குப் பிடிக்காதது கூட்டம். ஒரு முதுகு தெரிந்தால் எல்லாப் படகும் அங்கேயே பாயும். போதாததற்கு, கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் பெருங்கப்பல் பாதை அவற்றின் மேய்ச்சல் இடத்தை ஒட்டியே போகிறது. கப்பல் மோதிச் செத்தவை உண்டு. 2022இல் எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை இன்னும் தெற்கே விலக்கி ஓட்டத் தொடங்கியது. மற்றவர்களும் விலகினால் நல்லது.

என் ஓட்டு திருகோணமலைக்கு. ஆக்ரா ஓயா, கொத்மலை ஓயா என்று நம் மலைத்தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு ஓடும் மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. அதை அடுத்து, கரைக்கு மிகக் கிட்டவே, கடலடியில் பெரிய பள்ளத்தாக்கு. அதனால்தான் கோணேஸ்வரம் நிற்கும் சுவாமிமலையில் இருந்தே திமிங்கிலம் மூச்சு விடும்போது மேலே பீச்சும் நீர்த்தூவலைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். எப்படியும் கோயிலுக்குப் போகிற நம் ஆட்களுக்கு இது தனிச் செலவில்லாத வாய்ப்பு. படகில் போனால் ஓட்டுகிறவரிடம் தமிழிலேயே கேள்வி கேட்கலாம். நீலத் திமிங்கிலம் மிரிஸ்ஸ அளவுக்கு நிச்சயமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் இங்கே எண்ணெய்த் திமிங்கிலமும் (ஸ்பேர்ம் திமிங்கிலம்) வரும். மூச்சைப் பார்த்தே பிரித்தறியலாம். நீலத்தின் மூச்சு நேராக, 9 மீற்றர் வரைகூட எழும். எண்ணெய்த் திமிங்கிலத்துக்கு மூக்குத்துளை தலை நுனியில் இடப்பக்கம் இருப்பதால் மூச்சு முன்னால் சாய்ந்து தெறிக்கும். கணவாயை இரையாகத் தேடி 1000 மீற்றருக்குக் கீழேகூட இறங்கும். முக்கால் மணி நேரம் ஆளைக் காணாது. மேலே வந்தால் பத்து நிமிடம் போல மிதந்து மூச்சு வாங்கும், அதுதான் பார்க்கிறவருக்கு லாபம். தாய், மகள், பேத்தி என்று பெண்களாகவே கூடி வாழும். வளர்ந்த ஆண்கள் பிரிந்து குளிர்கடலுக்குப் போய்விடும். குட்டிக்கு ஆழம் போக முடியாது என்பதால் தாய் இரைக்கு இறங்கும்போது கூட்டத்தில் இன்னொருத்தி மேலே காவல் இருப்பாள். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் நம் தோட்டத்துப் பிள்ளை மடுவம் மாதிரிதான்.

வடமேல் கரையிலுள்ள கற்பிட்டி டொல்பின் பிரியர்களுக்கு. சுழல் டொல்பின்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து வந்து, தண்ணீருக்கு மேலே துள்ளிப் பம்பரமாய்ச் சுழலும். இரவில் ஆழத்திலிருந்து எழும்பும் சிறுமீனையும் கணவாயையும் வேட்டையாடிவிட்டு, பகலில் கரையோரம் இளைப்பாறும். தூங்கும்போது மூளையின் ஒரு பாதி விழித்திருக்கும், இல்லாவிட்டால் மூச்செடுக்க முடியாது. இங்கும் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் பருவம். மார்ச்சில் பக்கத்துத் தலவில அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகிறவர்கள் மேலும் ஒரு நாள் தங்கினால் போதும். எண்ணெய்த் திமிங்கிலத்துக்காக இன்னும் வெளியே போகலாம் என்பார்கள்; அது சிறு படகில் பல மணி நேரக் குலுக்கல், வயிறு தாங்காதவர்கள் கரையோடு நிற்பது மேல்.

பதுளை, பண்டாரவளைக்காரர்களின் கணக்கு வேறு. அவர்களுக்கு மழை கொட்டுவது வடகீழ்ப் பருவத்தில். அப்போது தென்கடல் திறந்திருக்கும், வெல்லவாய வழியாக மிரிஸ்ஸவுக்குப் பாதையும் நேர். அவர்கள் அங்கேயே போகட்டும், வார நாளாகப் பார்த்து.